பூஜ்யத் தண்ணீர்

எனக்குக் கையில் நாவல் இல்லாமல் ரயில் ஏறத் தெரியாது. ஆம்பூரில் ஏறி, பனி கொட்டும் ஏதோ ஒரு தேசத்தில் வாழ்ந்துவிட்டு, காட்பாடியில் இறங்குவேன். ஆய்வகத்துக்குள் போன பிறகும் பாதி மனம் அந்தப் பனியில்தான் இருக்கும். இதைக் குற்றம் என்று சொல்லவில்லை. நீங்கள் கேட்டதற்கு எங்கிருந்தாவது தொடங்க வேண்டுமே.

தண்ணீரில் லேசரைப் பாய்ச்சி, சிதறி வரும் ஒளியை அளப்பது என் ஆராய்ச்சி. தோல் பதனிடும் ஷாப்புக் கழிவின் குரோமியம் கலந்திருந்தால், திரையில் ஓடும் கோட்டில் ஒரு முகடு எழும். அளப்பதற்கு முன்பு சுத்தமான தண்ணீரின் கோட்டைக் கழிக்க வேண்டும். அதைப் பூஜ்யம் என்போம். ஊர்க் கிணறுகளை அளந்த வாரம் தண்ணீர் காய்ச்சி வடிக்கும் கருவி பழுது. என் பையில் வீட்டுக் கேன் தண்ணீர் இருந்தது. எங்கள் பக்கத்தில் கேன் தண்ணீர் என்றாலே சுத்தம்; அதை எந்த போர்வெல்லில் பிடிக்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. நாவலில் ஆறு உறையத் தொடங்கியிருந்தது. நானும் கேட்கவில்லை; அதையே பூஜ்யமாக வைத்தேன்.

பதினொரு கிணறுகளுக்கும் கோடு தட்டையாக வந்தது. என் அறிக்கையைக் காட்டி, கிணறே சுத்தம் என்று, ஊருக்கு வந்துகொண்டிருந்த தண்ணீர் லாரியை நிறுத்தினார்கள்.

கிணற்றுத் தண்ணீரைப் புட்டிகளில் பிடித்துக் கொடுத்தவர் பில்கிஸ் அக்கா. ஷூ கம்பெனியில் தையல் வேலை. மார்ச்சில் ஒருநாள் ஸ்டேஷனில் என்னை நிறுத்தினார்.

"தண்ணி மஞ்சளா இருக்குதே தம்பி. மிஷின் இன்னா சொல்லுது?"

"சுத்தம்னுதான் சொல்லுதுக்கா."

"அது படிச்ச மிஷின். நமக்கு இன்னா தெரியும்" என்று போய்விட்டார்.

வடிக்கும் கருவி பிப்ரவரியிலேயே சரியாகியிருந்தது. வடித்த தண்ணீரைப் பூஜ்யமாக வைத்து மறுபடி அளந்திருந்தேன். கிணறுகளில் முகடு, கேனிலும் அதே முகடு. விஷத்திலிருந்து விஷத்தைக் கழித்து முனைவராகப் போகும் மேதை நான். தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

மே மாதம் வாய்மொழித் தேர்வு. அதுவரை பொறுக்கலாம் என்று தோன்றியது. கிணறு எங்கே ஓடிவிடும். நான் மட்டும் அன்றிலிருந்து ஆய்வகத்தில் வடித்த தண்ணீரைக் குடிக்கிறேன்.

அக்காவின் மகள் நசீமுன்னிசா வேலூரில் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். ஏழு வயது. சிறுநீரகம் என்கிறார்கள்.

நான் இரக்கமில்லாதவன் அல்ல. ஆய்வேட்டில் தட்டைக் கோடுகளை மாற்றவில்லைதான். ஆனால் நன்றியுரையில் அவள் பெயரைச் சேர்த்திருக்கிறேன். பிழை வந்துவிடக் கூடாதென்று மூன்று முறை சரிபார்த்தேன்.