மூன்றாம் கதவின் பொறுப்பாளர்

“அந்தக் கம்பெனியில நீ இன்னாதான்டி வேலை பாக்கற?” என்று அம்மா பாஞ்சாலி ஒருமுறை கேட்டிருந்தாள். யார் எந்த வேலைக்குப் பொறுப்பு என்று தாளில் எழுதி வைக்கிற வேலை என்றாள் ரஞ்சனி. அதற்கெல்லாமா ஆள் வைப்பார்கள் என்று அம்மா சிரித்தாள்.

இப்போது அந்தத் தாள் ரஞ்சனியின் மடியில் இருந்தது. ஒரகடத்துத் தொழிற்சாலையில், அவர்கள் கம்பெனி புதிதாக நிறுத்திய ரோபோவைச் சுற்றிய, மூன்று கதவு வைத்த கம்பி வேலிக்கு வெளியே உட்கார்ந்திருந்தாள். மணி பன்னிரண்டே முக்கால். இரண்டு மணி ஷிப்டுக்கு லைன் ஓடியாக வேண்டும். நாலடி தள்ளி, கன்ட்ரோல் பெட்டியில் லேப்டாப்பைச் செருகிக்கொண்டு அவளோடு வேலை பார்க்கும் சக்திகுமார் நின்றான். தண்டலம் ஆபீசிலிருந்து மேனேஜரின் போன் வந்தது.

“ஹலோ... சொல்லுங்க வெங்கடேசன் சார்... இல்ல சார், இன்னும் கையெழுத்து ஆவல... கேக்குது, கேக்குது... இங்க கம்ப்ரஸர் சத்தம், அதான்... கஸ்டமர் சைடுல சண்முகசுந்தரம் சார் நிறுத்தி வெச்சுட்டாரு. மூணாவது கதவு டெஸ்டுக்குப் பொறுப்பு ஆறுமுகநயினார்னு போட்டுகீது, அவரைக் கூப்புடு, கையெழுத்து போடட்டும்ன்றாரு... ஆமா... ஆமா சார், நம்ம ஆறுமுகநயினார்தான்... தீபாவளிக்கே வேலைய வுட்டுட்டாருன்னு எனக்கும் தெரியும் சார்...”

தாளின் மூலையை விரலால் சுருட்டினாள்.

“அது போன வருஷ ப்ராஜெக்ட் தாளு சார்... கஸ்டமர் பேரை மாத்திட்டு, ஆளுங்க பேரை மாத்தாம... நான்தான் சார். நான்தான் காப்பி பண்ணேன்... ஆமா... தப்புதான் சார்.”

சக்திகுமார் நிமிர்ந்து பார்த்தான். அவள் பேசுவது மட்டும்தான் அவனுக்கும் கேட்டது.

“ரெண்டு கதவு ஆயிடுச்சு. மெர்சி அக்கா வந்து டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டுப் போயிட்டாங்க... மூணாவது அவரு பேருல இருந்துச்சு, அவருக்குப் பதிலா யாராச்சும் வருவாங்கன்னு வுட்டுட்டாங்க... சக்தி அண்ணா மெர்சி அக்கா பாத்திருப்பாங்கன்னு நெனச்சாரு... நான் ரெண்டு பேர்ல ஒருத்தர் பாத்திருப்பாங்கன்னு... யாருமே பாக்கல சார். கதவைத் தொறந்தா ரோபோ நிக்குமா நிக்காதான்னே தெரியாது... சிரிக்காதீங்க சார். அந்தக் கதவு வழியாதான் ஷிப்டு பொண்ணுங்க கைய வுட்டு பார்ட்டு வெக்கப் போவுதுங்க...

“இல்ல சார், இப்ப முடியாது. எவ்ளோ நேரத்துல நிக்குதுன்னு அளக்கற மீட்டரு மெர்சி அக்காகிட்ட கீது. அவங்க ஓசூர் சைட்ல... நாளைக்குக் காலையிலதான் சார்... ஆங்?... யாரு பேரை?... சக்தி அண்ணா பேரையா?”

குரலைத் தாழ்த்தினாள். நாலடி தூரத்தில் தாழ்த்தி என்ன பயன்?

“அவரு ப்ரோக்ராம் எழுதுனவரு சார். எழுதுனவங்களே டெஸ்ட் பண்ணக் கூடாதுன்னு நீங்கதான ட்ரெயினிங்ல சொன்னீங்க?... சரி சார், அது ட்ரெயினிங்... தேதி வியாழக்கிழமையா? அன்னிக்கு அவரு இங்கயே இல்லியே. சங்கரன்கோவிலுக்குப் பொண்ணு பாக்கப் போயிருந்தாரு... எங்க சார், அமையல... மாப்பிள்ளைக்கு இன்னா வேலைன்னு கேட்டிருக்காங்க. இவரு ப்ரோக்ராமு, வயரிங்கு, சர்வீசு, அவசரத்துக்கு வண்டி ஓட்டறதுன்னு நாலு வேலைய சொல்லிகீறாரு. எதுலயும் நெலையா நிக்க மாட்டாருன்னு பயந்துட்டாங்களாம்...”

அது அவனே சொல்லிச் சிரித்த கதை. இப்போதும் அவன் உதடு லேசாகக் கோணியது. அவளுக்குத்தான் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

“சார்... அந்த ஒரு நாளைத் தவிர இருபது நாளா இங்கயேதான் கெடக்கறாரு. நின்னுகினே சாப்புடறாரு... நாளைக்கு ஒரு பொண்ணு கை உள்ள மாட்டிச்சுன்னா, தாளைப் பாத்துதான சார் ஆளைப் புடிப்பாங்க?... ஒண்ணும் ஆவாதா? நீங்க அங்க ஏசில உக்காந்துகினு... இல்ல... இல்ல சார். சாரி சார். காலையில நாலரைக்கு எழுந்தது, ஏதோ பேசிட்டேன்...

“வேணும்னா என் பேரைப் போட்டுக்கறேன் சார்... ஏன்?... ஆமா, நான் இன்ஜினியர் இல்லதான்... பன்னெண்டாவதுதான் சார்... தெரியும், தெரியும்... நானா? நானே சண்முகசுந்தரம் சார்கிட்ட போயி, நான்தான் தப்பா காப்பி பண்ணேன்னு எழுதிக் குடுக்கணுமா?... அதுக்கும் பெர்மனன்ட் லெட்டருக்கும் இன்னா சார் சம்பந்தம்?... இந்த மாசம் கண்டிப்பா வரும்னீங்களே... மூணு வருஷம் சார்... இல்ல, நான் எதுவும் சொல்லல... புரியுது... புரியுது சார்.”

வெளியே ஷிப்டு பஸ் ஒன்று பின்வாங்கும் சத்தம் கேட்டது. ரஞ்சனி கண்ணை மூடிக்கொண்டாள். இன்னும் எதிர்த்துப் பேச நியாயம் இருந்தது, தெம்புதான் இல்லை.

“சரி சார்... சரி... ஆமா, பக்கத்துலதான் கீறாரு. குடுக்கட்டா, நீங்களே சொல்றீங்களா?... வாணாமா?... நானே சொல்லணுமா... சரி சார். அவரு பேரையே போட்டுடறேன்.”

ஃபைலிலிருந்து பெயர் எழுதாத இன்னொரு தாளை உருவினாள். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு எழுதினாள்.

“எழுதிட்டேன் சார்... வியாழன்தான் போட்டுகீறேன்... பழைய தாளு மாறி வந்துடுச்சுன்னு சொல்லிக்கறேன்... ரெண்டு மணிக்குள்ள கையெழுத்து வாங்கிடறேன்...”

சக்திகுமார் லேப்டாப் ஒயரை உருவி, உள்ளங்கையில் சுற்றிப் பையில் வைத்தான். அவளிடம் வந்தான். அவள் பேனாவை நீட்டினாள். அவன் தாளை மட்டும் வாங்கி, தன் பெயரையும் தேதியையும் நிதானமாகப் படித்தான். பிறகு தரையில் இருந்த அவள் சாப்பாட்டு டப்பாவைத் தூக்கி, காற்றில் பறக்காதபடி தாளை அதன் அடியில் வைத்தான்.

“சார், ஒரு நிமிஷம்... சக்தி அண்ணா, இங்க பாருங்க... நானா போடலண்ணா... எங்க போறீங்க?... சார், அவரு பையை எடுத்துகினு... ஹலோ?... சார்?... ஹலோ?”

லைன் எப்போதோ கட் ஆகியிருந்தது. சக்திகுமார் திரும்பிப் பார்க்கவில்லை. ஆட்கள் நடப்பதற்கென்று தரையில் போட்டிருந்த இரண்டு பச்சைக் கோடுகளுக்கு நடுவே, ஓரிடத்தில்கூடக் கோட்டை மிதிக்காமல், வளைகிற இடத்தில் வளைந்து, வாசலைத் தாண்டிப் போனான்.