தொண்ணூறு நாளில் நடை

— நீ பக்கத்துல இருக்கும்போது விழுந்தாரா, தனியா இருக்கும்போதா? அதை முதல்ல சொல்லு, குருவி.

— தனியாத்தான் மேடம். காலைல அவர் சம்சாரம், அந்த அக்கா, பால் வாங்கக் கீழ போயிருக்காங்க. இவர் கட்டில்ல இருந்து எழுந்து, எதையும் பிடிக்காம ஜன்னல் வரைக்கும் நடக்கப் பார்த்திருக்கார். இடுப்பெலும்பு உடைஞ்சு போச்சு மேடம். சத்தியமா எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல.

— உக்காரு. அந்தக் கட்டில்ல வேண்டாம், நாளைத் தேர்வுக்குப் புது விரிப்பு போட்டாச்சு. ஸ்டூலை இழுத்துக்கோ. யாரு, அந்த லிப்ட் மெக்கானிக்கா? பக்கவாதம் வந்து வலது கால் விழுந்து போனவரா?

— அவரேதான். "ஊர்ல இருக்கிறவனையெல்லாம் பத்தாவது மாடிக்கு ஏத்தி விட்டேன், எனக்கு வாய்ச்சது லிப்ட் இல்லாத மூணாவது மாடி"ன்னு சிரிப்பார். இன்னிக்கு அந்தப் படியில நாலு பேர் நாற்காலியோட தூக்கி இறக்கினாங்களாம். சாயங்காலம் ஆபரேஷன்.

— இங்க பாரு. உன்னை வைத்தியம் பண்ண நான் அனுப்பல. ஒரு நோயாளியைப் போய்ப் பாரு, அவருக்கு என்ன தேவைன்னு கேளு, அதை வச்சு சின்னதா ஒரு பிசியோதெரபி கிளினிக்குக்குத் திட்டம் எழுதுன்னேன். அவ்வளவுதான், சரியா?

— வைத்தியம் பண்ணல மேடம். ஆஸ்பத்திரி வார்டுல இருக்கிற பிசியோ சார் எழுதிக் கொடுத்த பயிற்சியைத்தான் கூட இருந்து செய்ய வச்சேன். ஆனா...

— ஆனா?

— வாக்குக் கொடுத்துட்டேன். தொண்ணூறு நாள்ல நடக்க வைப்பேன்னு. "பயிற்சியை விக்காதீங்க, பலனை வித்துக் காட்டுங்க. காலை மடக்கி நீட்ட யாருக்கும் ஆசையில்ல, நடக்கத்தான் ஆசை"ன்னு நீங்கதானே சொன்னீங்க? அப்படியே நோட்டீஸ் அடிச்சேன். அவர் அதைத் தலைமாட்டுல ஒட்டி வச்சிருக்கார். நாளையோட தொண்ணூறு.

— அது பொதுவாச் சொன்னது. வகுப்புல ஆயிரம் சொல்வோம்.

— நடுவுலயே எனக்குத் தெரிஞ்சு போச்சு மேடம். ரெண்டு மாசம் ஆகியும் கால் கட்டைவிரல்கூட அசையல. இன்னிக்குச் சொல்லிடணும், இன்னிக்குச் சொல்லிடணும்னு தினமும் படியேறுவேன். மேல போனா, சவரம் பண்ணி, சட்டை மாத்தி, தயாரா உக்காந்திருப்பார். "வாங்க முதலாளி"ம்பார். அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்றது?

— உன் திட்டக் கோப்பு எங்க?

— இதோ, பையில. நாளைக்கு வெளிக் கல்லூரியில இருந்து வர்ற தேர்வாளர்கிட்ட கொடுக்கணும்.

— அந்த நோட்டீஸ் ஒட்டின பக்கத்தைக் கிழிச்சுடு.

— மேடம்?

— கிழின்னா கிழி. தொழில்முனைவுன்னு ஒரு பாடம் உங்க படிப்புல வந்ததே இந்த வருஷம்தான். நான் இங்க தற்காலிகமா இருக்கேன். இது வெளிய தெரிஞ்சா பாடமும் போச்சு, நானும் போனேன். உன் பட்டமும் அந்தரத்துல தொங்கும், சரியா?

— கிழிச்சுடலாம் மேடம். ஆனா அந்தப் பக்கத்துல உங்க சிவப்பு மை இருக்கு. "அபாரம், வாடிக்கையாளர் மனசைப் பிடிச்சுட்டே"ன்னு எழுதி, பத்துக்குப் பத்து போட்டிருக்கீங்க. பாருங்க... ஏன் மேடம் கோப்பை மூடறீங்க? திட்டவாவது செய்யுங்களேன்.

— உன்னை என்னன்னு திட்ட? நானும் ஒரு கிளினிக் வச்சவதான். உங்க யார்கிட்டயும் சொன்னதில்ல. பதினோரு மாசம். முதுகைப் பிடிச்சுக்கிட்டு வர்றவங்ககிட்ட "முழுசாப் போகாது, குறையும்"னு உள்ளதைச் சொல்வேன். தலையாட்டிட்டு, எதிர்ச்சாரில "முழு குணம்"னு போர்டு மாட்டினவன்கிட்ட போயிடுவாங்க. கடைசி மாசம் முழுக்க நானே துடைச்ச கட்டிலை நானே பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தேன். அந்த ஆத்திரத்தைத்தான் உங்களுக்குப் பாடமா நடத்தியிருக்கேன் போல.

— அப்ப நான் என்ன பண்ணட்டும்?

— கிழிக்காதே. தேர்வாளர் கேட்டா, சொல்லிக் கொடுத்தது நான்னு நானே சொல்றேன். இப்ப எழுந்திரு, ஆஸ்பத்திரிக்குப் போவோம்.

— அந்த அக்கா முகத்துல எப்படி முழிப்பேன்? ஐயோ, அவங்கதான் போன்ல கூப்பிடறாங்க. என்னால முடியாது மேடம், சத்தியமா முடியாது.

— கொடு இப்படி. ஸ்பீக்கர்ல போடறேன். அம்மா, வணக்கம். நான் இந்தப் பொண்ணோட டீச்சர் பேசறேன்.

— டீச்சரா? நல்லதாப் போச்சு. நான் மெக்கானிக் வீட்டுக்காரி. அந்தப் பிள்ளை பக்கத்துல இருக்காளா? ஏதாவது சாப்பிட்டாளா?

— அக்கா, நான் இங்கதான் இருக்கேன். மன்னிச்சுடுங்கக்கா. நான் சொன்னது பொய். அவர் கால் வராது, எனக்குத் தெரிஞ்சும் சொல்லல. என்னை நம்பித்தான் அவர் இன்னிக்கு எழுந்து...

— அழாதே. கேளும்மா. கால் வராதுன்னு பெரிய டாக்டர், நீ எங்க படியேறுறதுக்கு முன்னாடியே எங்க ரெண்டு பேர்கிட்டயும் சொல்லிட்டார். "நாளைக்குப் பரீட்சை, நான் நாலடியாவது நடந்து காட்டலேன்னா நம்ம பிள்ளைக்குப் பெயில் போட்டுருவாங்கடி"ன்னு இவர்தான் மூணு நாளா ஒரே புலம்பல்.