இடது பக்கம் விழுந்த வலை

இந்தப் பட்டிமன்றத்துக்குத் தலைமை தாங்கும் படிப்பகத் தலைவர் ஆதிகேசவன் அவர்களே! ஹாலிவுட் படங்கள் பைபிள் வேதத்தை உள்ளபடியே காட்டுகின்றன என்று எனக்கு முன்னால் முழங்கிவிட்டு அமர்ந்திருக்கும் டெண்ட்டுக் கொட்டகை மோசஸ் அவர்களே! சபைப் பெரியவர்களே! பழவேற்காட்டுக் கரையிலிருந்து கூடையும் கையுமாக வந்திருக்கும் தாய்மார்களே! முன்வரிசைச் செங்கம்மாளே! அவள் பக்கத்தில் பட்டுச் சேலையில் பளபளக்கும் என் ஓரகத்தி ரத்னாவே! கடைசியாக, கட்டிய நாள் முதல் நான் பேர் சொல்லி அறியாத சேகர் அப்பாவே! அனைவருக்கும் அங்காளம்மாளின் வணக்கம்.

நான் படித்தவளா? இல்லை. இந்தச் சபைச் சுவர் ஓரம் இருபது வருடம் மீன் விற்றவள். ஜன்னல் வழியே வந்த வேதம் என் நெஞ்சில் வந்து உட்கார்ந்துகொண்டது. அதை இறக்கிவிட யாரால் முடியும்?

ஐந்து வருடத்துக்கு முன், அறுபத்தொன்பதில், கும்மிடிப்பூண்டிக் கொட்டகையில் ஒரு வேதப் படம் போட்டார்கள். படம் இங்கிலீஷ், கதையை மைக்கில் தமிழில் சொன்னவர் இதே மோசஸ். கடல் பிளந்தது, கண் கூசியது. கோட்டை சரிந்தது, கொட்டகை அதிர்ந்தது. பிறகு வந்தார்கள் வேதத்து மீனவர்கள். கரையில் நின்ற ஆண்டவர் படகுக்கு எந்தப் பக்கம் வலை போடச் சொன்னார்? வலது பக்கம். படத்தில் எந்தப் பக்கம் போட்டான்? இடது பக்கம்! வேதம் நூற்றைம்பத்து மூன்று மீன் என்று எண்ணிச் சொல்கிறது. படத்தில் ஒருவனாவது எண்ணினானா? எண்ணாமல் கரையேறும் மீன்காரனை நீங்கள் கண்டதுண்டா? சிரிக்காதே செங்கம்மா, நீயும்தான் பார்த்தாய். கடலைப் பிளக்கத் தெரிந்தவனுக்கு வலை வீசத் தெரியவில்லை!

பெண்கள் பக்கத்து மணலில் இருந்து எழுந்தேன். "இன்னாப்பா மோசஸ், வலது பக்கம்தானே வேதத்துல கீது?" என்றேன். மைக் இரைச்சலில் அவருக்குக் கேட்கவில்லை. ஆண்கள் பக்கமிருந்து சேகர் அப்பாவுக்குக் கேட்டது.

"உக்காரும்மே. உனுக்கு இன்னா தெரியும் வேதத்தப் பத்தி? மானம் போவுது."

உட்கார்ந்தேன். பக்கத்திலிருந்த ரத்னா எழுந்தாள். என் வார்த்தையை, எழுத்துக் குறையாமல், உரக்கக் கேட்டாள். மோசஸ் படத்தையே நிறுத்தினார். கொட்டகை கைதட்டியது. முதல் கை யாருடையது தெரியுமா? "பார்றா, என் தம்பி பொண்டாட்டி மூளைய" என்றது யார் குரல் தெரியுமா?

அன்றிலிருந்து அவள் 'வலதுபக்க ரத்னா'. எளாவூர் செக்போஸ்ட் லாரிக்காரன்கூட அந்தப் பேரைச் சொல்லித்தான் அவள் கூடையைத் தேடி வருகிறான். சபை விழாவில் மாலை அவளுக்கு, மேடை அவளுக்கு. பொறாமையா என்று கேட்கிறீர்களா? பொறாமைதான்! அவள் கழுத்து மாலையின் ஒவ்வொரு பூவும் என் வயிற்றில் எரிகிறது. அந்தப் பட்டம் என்னுடையது!

படம் எடுத்தவனை மன்னித்தேன். அவன் நம் ஏரியைப் பார்த்தவனில்லை. மோசஸை மன்னித்தேன், அவர் காதில் விழவில்லை. ரத்னாவையும், எரிய எரிய, மன்னித்தேன். உட்காரச் சொல்லியும் நின்றிருக்க வேண்டியவள் நான், நின்றவள் அவள். என் வாயை அடைத்துவிட்டு, அதே வார்த்தைக்குக் கைதட்டிய ஒருவரை மட்டும் மன்னிக்க மாட்டேன்.

பொறுமையாகக் கேட்ட பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும் என் கும்பிடு. சேகர் அப்பா என்றால் நம் கரையில் பத்துப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். ஆகவே, இன்று பேர் சொல்லியே இறங்குகிறேன்.

அருணகிரி.