ஒரே ஒரு வரிதான், அண்ணி

— அண்ணி, அந்த ஒயர விடுங்க. ஷாக் அடிக்காது.

— ஷாக்குக்கு பயந்தா பிடிச்சிருக்கேன்? நீ எதையாவது பிடுங்கிடுவியோன்னு பிடிச்சிருக்கேன், தம்பி.

— புது எஸ்.எஸ்.டி. டிஸ்க மாட்டியாச்சு. ஆனா கம்ப்யூட்டர் அதைக் கண்டுக்கவே மாட்டேங்குது. உள்ள டிஸ்க் கன்ட்ரோலர் செட்டிங் 'ரெய்டு'ன்னு இருக்கு. அதை 'ஏ.ஹெச்.சி.ஐ'ன்னு மாத்தணும். ஒரே ஒரு வரிதான்.

— உங்க அண்ணனும் ஒரே ஒரு ஆணிதான்னு சொல்லித்தான் செவுத்த இடிச்சாரு.

— அது அவன் செவுரு. இது...

— இதுவும் அவரோடதுதான். அவர் போனதுலேர்ந்து, நீ பிரின்டரப் பாக்கறதத் தவிர, இதுல யாரையும் கை வைக்க விடல. உள்ள இருக்கறதுல ஒண்ணு காணாமப் போகட்டும்... இந்த வீட்ல உனக்குப் பச்சத் தண்ணி கிடையாது!

— அப்படி என்னதான் இருக்கு?

— என்னமோ... கரன்ட் பில்லு, வீட்டு வரி... ஆயிரம் இருக்கும்.

— கரன்ட் பில்லுக்கா கை நடுங்குது?

— ஏசி குளிருது.

— ஏசி ஓடலையே, அண்ணி.

— வாயக் குறை. எடுத்த எடுப்புல மாத்திடப் போறியா?

— ஐயையோ, மாட்டேன். அப்படி மாத்தினா விண்டோஸ், டிஸ்க ஓட்டற பழைய டிரைவரத் தேடிக்கிட்டே நிக்கும். நீலத் திரைதான். மொதல்ல 'சேஃப் மோடுல, அவசியமானத மட்டும் வச்சு எழுந்திரு'ன்னு சொல்லி வைக்கணும். அப்புறம் அணைச்சு, அந்த வரிய மாத்தணும். எழுந்திரிக்கும்போது புது டிரைவர அதுவே எடுத்துக்கும்.

— தூங்கற குழந்தைக்குச் சட்டை மாத்தற மாதிரி.

— அதேதான்... இதோ மாத்திட்டேன். சேவ்.

— திரை கறுப்பா இருக்கே.

— இருங்க.

— இன்னும் கறுப்பாவே இருக்கு! டேய்!

— 'தம்பி' போய் 'டேய்' வந்தாச்சா? பாருங்க... எழுந்துடுச்சு.

— அப்பாடா... ஆனா... சத்தம் வரலையே?

— என்ன சத்தம்?

— ஒண்ணுமில்ல.

— என்ன சத்தம், அண்ணி?

— ஒண்ணுமில்லன்னேன்ல! போச்சா? சொல்லு... அழிச்சிட்டியா?

— அழாதீங்க. சேஃப் மோடுல சத்தமே வராது. ஸ்பீக்கரெல்லாம் தூங்கும். அதை எடுத்துட்டு இன்னொரு தடவை ஆன் பண்றேன். பாத்துக்கிட்டே இருங்க... இதோ...

— வந்துட்டியா, மகாராணி? மொதல்ல கண்ணாடியப் போடு. அப்புறம் கம்ப்யூட்டரத் திட்டு!

— பயந்துடாத, தம்பி. உங்க அண்ணன் குரல்தான். விளையாட்டுக்குப் பேசி, விண்டோஸ் எழுந்தா இது வர்ற மாதிரி வச்சுட்டாரு. கரன்ட் பில்லெல்லாம் நான் போன்லதான் கட்டறேன். தினம் காலைல இதை ஆன் பண்ணுவேன்... கேப்பேன்... அணைச்சிடுவேன். அவ்வளவுதான்.

— பழைய டிஸ்க் இழுத்துக்கிட்டுக் கிடக்கு, அண்ணி. அது போனா இதுவும் போயிடும். அதான் புதுசு மாட்டியே ஆகணும்னு நின்னேன். மொதல்ல இதைத்தான் காப்பி எடுக்கப் போறேன்.

— நீ எடு... இரு, இரு. செத்த மனுஷன் குரல் கேக்குது. நீ ஏன் கொஞ்சம்கூடத் திடுக்கிடல?

— பிரின்டரப் பாக்கணும், பிரின்டரப் பாக்கணும்னு வந்து வந்து போனேனே... நீங்க அடுப்படில இருக்கறப்ப இதை ஆன் பண்ணுவேன். பிரின்டருக்கு ஒரு கேடும் இல்ல, அண்ணி.