படம் பூரா வெளிச்சம்

இல்ல தோழர், அந்த ஸ்கேன் ரூம் கதவைத் தட்டாதீங்க. உங்க வீட்டம்மாவுக்கு இப்பதான ஊசி போட்டாங்க? இனி கம்முனு படுத்திருக்கணும், பேசக்கூட விட மாட்டாங்க. அந்த மருந்துல கதிர்வீச்சு இருக்கு, நம்மள கிட்ட சேக்க மாட்டாங்க. உக்காருங்க. தோழர்னு கூப்பிட்டா முறைக்காதீங்க, மில்லு சங்கத்துல கத்திக் கத்திப் பழகுன வாய்.

கர்ப்பப்பை வாய்ல புத்துதானா? என் சம்சாரத்துக்கும் அதேதான். மில்லுல பொம்பளைங்களுக்கு இந்தப் புத்து வந்திருக்கான்னு முன்கூட்டியே பாக்குற பரிசோதனை வேணும்னு வாசல்ல உக்காந்து வாங்கிக் குடுத்தவன் நான். இவ மில்லுல வேலை பாக்கல. இவளுக்கு யாரு செய்வா?

டாக்டரு புரியுற மாதிரி சொன்னாரா? எங்க சொல்லுவாங்க! நான் சொல்றேன். பள்ளிக்கூடம் அஞ்சாவதோட சரி, மீதியெல்லாம் துண்டறிக்கைல படிச்சது. இந்த ஊசி மருந்து போயி கட்டி மேல ஒட்டிக்கும். ஒட்டுன இடம் படத்துல பளிச்சுனு தெரியும். அப்புறம் அதே மாதிரி ஒட்டுற கீமோவை விடுவாங்க. கண்ட இடத்துக்கும் போகாம நேரா அங்க போயி அடிக்கும். வெளிச்சமே தெரியலேன்னா அந்த மருந்து கெடையாது. தெரியணும் தெரியணும்னு நான் தவிச்ச தவிப்பு இருக்கே!

தெரிஞ்சுதே! போன வாரம் காட்டுனாங்க. இடுப்பு, ஈரல், முதுகெலும்பு, கழுத்து வரைக்கும். மாநாட்டுப் பந்தல் மாதிரி ஒரே வெளிச்சம். கை தட்டிட்டேன் தோழர். ஆமா, டாக்டர் ரூம்லதான். ஓடி வந்து இவகிட்ட, எல்லா இடத்துலயும் ஒட்டிருக்குடி, ஒண்ணுகூடத் தப்பாதுன்னேன். நான் என்ன சொன்னாலும் மேடைப் பேச்சும்பா. அன்னிக்குன்னு பாத்து நம்பிட்டா.

என்ன அப்படிப் பாக்குறீங்க? உங்களுக்குச் சட்டுனு புரியுது. எனக்குதான் புரியல. அப்புறம் டாக்டரு தனியா கூப்பிட்டாரு. ரெண்டு மூணு இடம்னா குறி வைக்கலாம் ஐயா, உடம்பு பூரா இருந்தா எதைன்னு வைக்கிறது, அந்த மருந்தை அவங்க தாங்க மாட்டாங்க, வீட்டுலயே வச்சுப் பாத்துக்குங்கன்னாரு. கோஷம் போடலாம்னா, யாரை எதுத்துப் போடுறது?

சேச்சே, உங்களுக்கு அப்படி ஆகாது. ஒரு புள்ளியோட நிக்கட்டும்.

இல்ல, அவ உள்ள இல்ல. கீழ பெஞ்சுல உக்காந்திருக்கா. மாத்துத் துணி, சோப்பு, சீப்பு எல்லாம் பையில எடுத்துக்கிட்டு. இன்னிக்கு மருந்து ஏத்தப் போறாங்கன்னு வந்திருக்கா. எந்த அதிகாரி முன்னாலயும் நான் கைகட்டி நின்னதில்ல தோழர். இப்ப அந்த நர்ஸம்மா வெளிய வரணும். ஒரு பாட்டில் வெறும் உப்புத்தண்ணியாவது ஏத்தி விடுங்கம்மான்னு கேக்கணும்.