புதுப் பலகை

— என்னங்க, தனியா வந்து நிக்கிறீங்க? மாமா எங்க?

— கொஞ்சம் தண்ணி குடு.

— பதினோரு மணி பஸ்ஸுல உங்கப்பா வர்றார்னுதானே ஸ்டாண்டுக்குப் போனீங்க? வரலையா?

— வந்தார்.

— வந்த மனுஷனை எங்க விட்டீங்க? உங்க முகமே சரியில்லையே.

— இறங்கினதும் பாத்ரூம் தேடியிருக்கார். சர்க்கரை உடம்பு, அடக்க முடியாது. ரெண்டு கதவு. ரெண்டுலயும் இங்கிலீஷ்.

— போன மாசம் உங்க முனிசிபல் ஆபீஸ்ல இருந்து ஸ்டாண்டுல மாட்டின புதுப் பலகையா?

— ம். பொம்பளைங்க பக்கம் நுழைஞ்சுட்டார். ஒரே கூச்சல். வாட்ச்மேன் சட்டையைப் பிடிச்சு வெளிய இழுத்துட்டு வந்தான்.

— ஐயோ! நம்ம எழுத்தும் ஒரு ஓரமா இருக்கட்டும்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே!

— மாநில எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து வர்றவங்களுக்கு நம்ம எழுத்து தெரியாது, நமக்கு அவங்க எழுத்து தெரியாது. இங்கிலீஷ்னா ரெண்டு பேருக்கும் பொதுன்னு கமிஷனர்கிட்ட நான்தான் சொன்னேன்.

— பொதுவா? ரெண்டு பக்கத்துப் பெரியவங்களுக்கும் புரியாதது பொதுவா? அது கிடக்கட்டும். நீங்க ஓடிப்போய்த் தடுத்தீங்கல்ல?

— கமிஷனர் பக்கத்துல நின்னார். பலகையைப் பார்க்கன்னு திடுதிப்புன்னு வந்துட்டார். ‘கொட்டை எழுத்துல போட்டிருக்கு, இந்த ஆளுக்குக் கண்ணு தெரியலையா’ன்னு சிரிச்சார்.

— நீங்க?

— நானும் சிரிச்சேன்.

— அடக் கடவுளே.

— அப்பா என்னைப் பார்த்துட்டார். கூப்பிட வாயைத் திறந்தார். நான் முகத்தைத் திருப்பிக்கிட்டேன்.

— பெத்த அப்பாவையா?

— கமிஷனரைக் கார்ல ஏத்திட்டு ஓடிவந்தா, ஆளைக் காணோம். ஸ்டாண்டு முழுக்கத் தேடிட்டேன். போன் போட்டா எடுக்கலை.

— உங்களை அந்த இங்கிலீஷைப் படிக்க வைக்க வாயைக் கட்டி வயித்தைக் கட்டினவருங்க அவர்!

— செருப்பால அடிச்சாக்கூட வாங்கிக்கிறேன். பேசாம அடி.

— இருங்க, உங்க போன்தான் அடிக்குது. மாமா!

— எனக்கு வாய் வராது. நீ பேசேன்.

— நான் மாட்டேன். இந்தாங்க, எடுத்துட்டேன். பேசுங்க.

— அப்பா... எங்கப்பா இருக்கீங்க? பஸ் சத்தம் கேக்குதே?

— வீட்டுலதான்பா. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். காலையில முட்டி பிடிச்சுக்கிச்சு. நீ ஸ்டாண்டுல வீணா காத்துக்கிட்டு நிக்காத. இன்னைக்கு நான் கிளம்பவே இல்ல.