சம்பந்தம் பேசிய அன்று விழுங்கிய சளி மாத்திரை

இந்தக் காவல் நிலையத்தில் வந்திருக்கும் கொலை முயற்சிப் புகாரில் எதிரி என்று காட்டப்பட்டிருக்கும் மருமகள் நான்தான். வயது முப்பத்தொன்று. பை தைக்கும் கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறேன். புகார் கொடுத்த என் மாமியார் எழுதிய முகவரிதான் எனக்கும். அவர் கீழே, நாங்கள் மாடியில், வாசலும் தண்ணீர்க் குழாயும் ஒன்று. என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். எங்களுக்கு நான்கு வயதில் ஒரு மகள். எனக்கும் மாமியாருக்கும் சண்டை உண்டா என்று கேட்டீர்கள். உண்டு. குழாய்க்காக, துணி காயப்போடும் கொடிக்காக, பேசியதற்காக, பேசாததற்காக. கொலை செய்யும் அளவுக்கு எனக்கு நேரம் இருந்ததில்லை.

கல்யாணமாகி இந்த ஆறு வருடத்தில் என் கணவர் மாத்திரை போட்டு நான் பார்த்ததில்லை. காய்ச்சல் என்றால் ஈரத்துணி, சளி என்றால் வெந்நீர் ஆவி, அவ்வளவுதான். கேட்டால் ஒத்துக்காது என்பார். எது, ஏன் என்று ஒருநாளும் சொன்னதில்லை. நான் அதைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொண்டேன். பத்து மாடி உயரத்தில் நின்று வேலை செய்கிற ஆளுக்கு ஒரு மாத்திரையைக் கண்டால் பயமா என்று கேலியும் செய்திருக்கிறேன்.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் நாத்தனாருக்குச் சம்பந்தம் பேச மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். என் கணவருக்கு முதல் நாளிலிருந்தே சளியும் காய்ச்சலும். தும்மிக்கொண்டேதான் நாற்காலிகளை இழுத்துப் போட்டார். மாமியார் என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டு, “வந்தவங்க முன்னாடி மூக்கை உறிஞ்சிக்கிட்டு நிக்கிறான், ஏதாவது பண்ணு” என்றார். அதன் பிறகு நான் தெருமுனை மருந்துக் கடைக்குப் போய்ச் சளிக்கு இரண்டு நாளைக்கு மாத்திரை கேட்டேன். கடைக்காரர் வழக்கம்போல அட்டைகளிலிருந்து துண்டு துண்டாக வெட்டி, வேளைக்கு மூன்று மாத்திரை என்று சிறு காகிதக் கவர்களில் போட்டார். வெட்டிய துண்டுகளில் பெயர் எதுவும் முழுதாக இல்லை. வீட்டுக்காரருக்கு ஒத்துக்காத மருந்து ஏதாவது உண்டா என்று அவர் கேட்டார். “மாத்திரைன்னாலே அவருக்கு ஒத்துக்காதுண்ணே” என்றேன். கடைக்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அதன் பிறகு வீட்டுக்கு வந்து, கூடத்தில் எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது முதல் வேளை மாத்திரைகளையும் ஒரு டம்ளர் தண்ணீரையும் என் கணவர் கையில் கொடுத்தேன். அவர் வேண்டாம் என்று தலையாட்டினார். மாப்பிள்ளையின் அம்மா, “போட்டுக்குங்க தம்பி, சளிய வளர விடக் கூடாது” என்றார். என் கணவர் மாத்திரைகளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு தன் அம்மாவைப் பார்த்தார். நான் பக்கத்தில் நின்றதால் அந்தப் பார்வையைப் பார்த்தேன். மாமியார், “போட்டுக்கப்பா” என்றார். அவர் போட்டுக்கொண்டார். கடைசியில் ஒரு நல்ல பேச்சைக் கேட்டாரே என்று எனக்கு அன்றைக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அதன் பிறகு ராத்திரி வேளையும், மறுநாள் இரண்டு வேளையும் அவராகவே போட்டுக்கொண்டார். செவ்வாய்க்கிழமை காலையில் மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துவிட்டார். கண் மஞ்சளாக இருந்தது. சிறுநீர் டிக்காஷன் நிறத்தில் போகிறது என்றார். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். வீட்டில் யாருக்காவது, அல்லது இவருக்குச் சின்ன வயதில், இப்படி வந்ததுண்டா என்று டாக்டரம்மா கேட்டார். என் கணவர் மறுபடியும் அம்மாவைப் பார்த்தார். மாமியார், “எங்க வம்சத்துல அப்படியெல்லாம் ஒண்ணும் கிடையாது” என்றார்.

அதன் பிறகு விஷயம் கேள்விப்பட்டு மருந்துக் கடைக்காரர் தாமே அட்டைகளை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தார். மூன்றில் ஒன்று சல்ஃபா வகை மாத்திரை. ரத்தம் சோதித்த பிறகு டாக்டரம்மா என்னை உட்காரவைத்து விளக்கினார். ஜி6பிடி என்ற ஒரு என்சைம் என் கணவருக்குப் பிறவியிலேயே குறைவு, அது தாய்வழியாக மகனுக்கு வருவது, சல்ஃபா போன்ற சில மருந்துகள் பட்டால் ரத்தத்தில் சிவப்பு அணுக்கள் உடைந்துபோகும், காய்ச்சலும் அதோடு சேர்ந்திருக்கலாம் என்றார். மற்றபடி இவர்கள் எல்லோரையும்போல இருக்கலாம், சளி மாத்திரை வாங்கினாலும் கடையில் இதைச் சொல்லிவிட்டு, பெயர் தெரியாத மாத்திரையைத் தொடாமல் இருந்தால் போதும் என்றார். இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ் நடக்கிறது.

மாப்பிள்ளை வீட்டார் பார்க்க வந்து என்ன வியாதி என்று விசாரித்தார்கள். அன்று மாலையே, நான் மாத்திரை கொடுத்து அவரைக் கொல்லப் பார்த்தேன் என்று மாமியார் இந்தப் புகாரைக் கொடுத்தார். வம்சத்தில் குறை இருக்கிறது என்று சொல்வதைவிட, வீட்டில் ஒரு கொலைகாரி இருக்கிறாள் என்று சொல்வது அவருக்குக் கௌரவமாகப் பட்டிருக்கிறது. என் மகளையும் கீழேயே வைத்துக்கொண்டார். நான் மாடியில் இருக்கிறேன், அவள் குரல் கேட்கிறது, கதவு திறப்பதில்லை.

அதன் பிறகு மாமியாரின் தம்பி, அதாவது என் கணவரின் தாய்மாமன், ஆஸ்பத்திரி கேன்டீனில் என்னை உட்காரவைத்துப் பேசினார். “கடைக்காரன் மாத்திக் குடுத்துட்டான்னு எழுதிக் குடுத்துடும்மா. ரத்தக் கதைய எடுக்காத. அக்கா புகாரை வாபஸ் வாங்கிடும், பாப்பாவையும் மேல அனுப்பிடும்” என்றார். இதெல்லாம் ஒரு வியாதியே இல்லை, தனக்கும் இதேதான், அறுபது வயதில் கல்லுப்போல இல்லையா என்றும் சொன்னார். உங்க வீட்ல தெரியுமா என்று கேட்டேன். “அவளுக்குத் தெரியாம எப்படி? அவதானே எனக்கு மருந்து வாங்கிட்டு வர்றா” என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார்.

அதன் பிறகு வார்டுக்குப் போய், தெரிந்தே ஏன் போட்டீர்கள் என்று என் கணவரைக் கேட்டேன். “எல்லாரும் பாத்துக்கிட்டிருந்தாங்க. முதல் வேளை ஒண்ணும் ஆகல, சரின்னு மிச்சத்தையும் போட்டேன்” என்றார். என்னிடம் சொல்லியிருக்கலாமே என்றேன். கல்யாணத்துக்கு முன்னால் சொல்லக் கூடாது என்றார்களாம். அதன் பிறகு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லையாம். தங்கள் காவலர் போய்க் கேட்டபோது, மாத்திரையை மனைவி கொடுத்தாள் என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அது பொய் இல்லை. ஆறு வருடம் சோறு போட்டவளும் நான்தான், அதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

கடைக்காரர் மாற்றிக் கொடுத்தார் என்று நான் சொல்ல மாட்டேன். அவர் கேட்டார். கேட்டவரிடம் சொல்ல எனக்குத்தான் விஷயம் இல்லாமல் செய்திருந்தார்கள்.

நேற்று மாமியார் படிக்கட்டில் நின்றபடி, “உன் பொண்ணுக்கும் நாளைக்கு ஒரு இடம் பாக்கணும். காயிதத்துல ஏறிட்டா இறங்காது, பாத்துக்க” என்றார். அவர் சொன்னது சரி. அப்பாவுக்கு இருந்தால் மகள் அதைக் கட்டாயம் சுமப்பாள், அவளுக்கு அனேகமாகத் தொந்தரவு இருக்காது, ஆனால் அவள் பெறும் ஆண் பிள்ளைகளுக்கு வரலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். இந்த இடத்தில் தாங்கள் பேனாவை நிறுத்தி, குழந்தையைப் பற்றியதும் வேண்டுமா என்று கேட்டீர்கள். வேண்டும். எழுதுங்கள். இதன் நகல் ஒன்றும் எனக்கு வேண்டும். என் மகளைக் கேட்டு யார் வந்தாலும், டீ கொடுப்பதற்கு முன் இதைக் கொடுப்பேன். படித்துவிட்டு எழுந்து போகிறவர்கள் போகட்டும்.

மேற்கண்டதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னது சொன்னபடி இருக்கிறது, அத்தனையும் உண்மை. எடுத்துவிடச் சொல்லி என் குடும்பத்தார் கேட்ட வரிகளும் இதில் இருக்கின்றன. அவை இருக்கின்றனவா என்று இன்னொரு முறை பார்த்துவிட்டு, யார் கட்டாயமும் இல்லாமல் கையெழுத்துப் போடுகிறேன்.

(கையெழுத்து)